வெள்ளி டாலர் வாங்கிய கதைகள்

சேக்ரமென்டோவிலிருந்து:

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் சேர்க்கிறவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். வாங்கியதோ ஏமாந்ததோ, எதுவானாலும் சொல்லுங்கள். முதலில் என் கதை.

நான் முதன்முதலில் வாங்கிய மார்கன் டாலர் (மார்கன் என்பவர் வடிவமைத்ததால் அந்தப் பெயர்), 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. பின்பக்கம் கழுகுக்கு அடியில் பொடியாக ‘எஸ்’ இருக்கும், அடித்த ஊரைச் சொல்லும் எழுத்து அது. அந்த வருடம் அங்கே 1.27 கோடிக்கு மேல் அடித்தார்கள், அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர் அடிப்பு சுத்தம். விளக்கடியில் லேசாகச் சாய்த்தால் வெளிச்சம் வண்டிச் சக்கரம் மாதிரி காசைச் சுற்றி ஓடும். அச்சு அழுத்தும்போது வெள்ளி விளிம்பை நோக்கி நகர்ந்ததில் விழுந்த நுண்ணிய கோடுகள் செய்கிற வேலை அது. கை படாத காசுக்கு விலையே அந்த ஓட்டத்துக்குத்தான்.

அந்த ஆண்டு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வரலட்சுமி நோன்பு. கலசத்தில் போட வெள்ளிக்காசு தேடியவர் என் மேசையில் இதைப் பார்த்திருக்கிறார். “தலையிலே கதிரெல்லாம் வச்சுக்கிட்டு லட்சுமியாட்டமே இருக்காடா” என்றார். (அது கோதுமைக் கதிரும் பருத்தியும், அம்மா. முகம் பிலடெல்பியாவில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியையுடையது, பெயர் அன்னா வில்லியம்ஸ்.) சும்மா போடுவாரா? விபூதியைத் தொட்டு, பழைய வேட்டித் துணியால் பத்து நிமிடம் தேய்த்திருக்கிறார். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது காசு கண்ணாடி மாதிரி மின்னியது. சக்கரம் மட்டும் ஓடவில்லை.

கடைக்காரரிடம் காட்டினேன். இரண்டு விநாடி விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மொத்தம் 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அவ்வளவுதான் இனி அதன் மதிப்பு. விற்கவில்லை. அம்மாவிடம் இன்றுவரை முழுசாகச் சொல்லவுமில்லை.

*

டாலஸிலிருந்து:

விபூதியாவது பரவாயில்லை, நண்பரே. நான் ஏமாந்தது சுத்தமான அசல் வெள்ளியில்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் 1889ஆம் வருடத்து மார்கன், பின்பக்கம் ‘சிசி’. நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டி நாணயச் சாலை. அந்த வருடம் அங்கே அடித்ததே 3,50,000தான். தேய்ந்துபோன காசுக்கே நல்ல விலை உண்டு. எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் படித்தவன் இல்லையா, சோதனையெல்லாம் செய்தேன். காந்தம் ஒட்டவில்லை. பையிலிருந்த சின்னத் தராசில் எடை சரி. விரல் நுனியில் நிறுத்தித் தட்டினால் ‘டிங்’ என்று நீளமாக மணிச் சத்தம். சந்தை விலையில் பாதிக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நெடுங்காலமாகச் சேர்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் தராசையே தொடவில்லை. லென்ஸை எடுத்து நேராக அந்த இரண்டு எழுத்துக்களைப் பார்த்தார். “நீங்களே பாருங்கள்” என்று என்னிடம் நீட்டினார். எழுத்தைச் சுற்றி முடியளவில் ஒரு கோடு. அதே 1889இல் பிலடெல்பியாவில் 2.17 கோடி அடித்தார்கள். அந்த ஊர்க் காசுக்கு இந்த மாதிரி ஊர் எழுத்தே கிடையாது. அதில் ஒன்றை எடுத்து, வேறு காசிலிருந்து வெட்டிய எழுத்தை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். காந்தமும் தராசும் டிங்கும் வெள்ளிதானா என்றுதான் சொல்லும். எந்த ஊர் என்று சொல்லாது. இதை யோசிக்காமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. பணம்கூட அப்புறம்தான்.

சரி, இப்போதெல்லாம் விலை கூடிய வருடம் என்றால் தரச்சான்று நிறுவனம் முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தால்தான் தொடுவேன். அந்தப் பெட்டியிலும் போலி வருகிறது. பெட்டியில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் காசோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ரீனோவிலிருந்து:

கார்சன் சிட்டி பேச்சு வந்ததால் சின்னதாக ஒன்று. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். பழைய நாணயச் சாலைக் கட்டடம் இன்று மாநில அருங்காட்சியகம். 1870இல் ஓடிய முதல் அச்சு இயந்திரம் உள்ளே இன்னும் இருக்கிறது, அதில் பதக்கங்கள் அடிக்கிறார்கள். தரை அதிர்கிறதை நின்று பாருங்கள்.

‘சிசி’ என்றாலே எட்டாத விலை என்று பயப்பட வேண்டாம். என்னுடையது 1884. அந்த வருடம் அடித்த 11,36,000இல் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் புழக்கத்துக்கே வராமல் கருவூலத்தில் மூட்டையாகவே கிடந்தது. 1972 முதல் அரசாங்கமே கறுப்புப் பெட்டியில் வைத்து விற்றது. வயது நூற்று நாற்பது தாண்டியும் காசு புதுசு. அந்தப் பெட்டியை மட்டும் உடைக்காதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் விலை.

*

சிகாகோவிலிருந்து, இப்போது மதுரையில்:

என்னிடம் டாலர் ஒன்றே ஒன்றுதான், 1921 மார்கன். 4.4 கோடிக்கு மேல் அடித்த பிலடெல்பியாக் காசு. சேர்ப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 1904இல் நிறுத்திய டாலரை 1921இல் ஏன் மறுபடி அடித்தார்கள் என்று தேடப்போய், கதை எங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் வந்து நின்றது.

முதல் உலகப் போரின் கடைசிக் காலம். இந்தியாவிலிருந்து சரக்கு வாங்கிக் குவித்த பிரிட்டிஷ் அரசு, ரூபாய் நோட்டாக அச்சடித்துத் தள்ளியது. மக்களுக்கு நோட்டின்மேல் நம்பிக்கை போய், வெள்ளியாகக் கொடு என்று வரிசையில் நின்றார்கள். கஜானாவில் வெள்ளி கரைந்தது. லண்டன் வாஷிங்டனிடம் கேட்டது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. 27 கோடிக்கு மேல் வெள்ளி டாலர்களை அமெரிக்கா உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில், இந்தியாவுக்காக விற்கப்பட்டது. எந்த வருடம், எந்த ஊர்க் காசு எத்தனை உருகியது என்று கணக்கு வைக்கவில்லை. மார்கனில் அடித்த எண்ணிக்கையை வைத்து அபூர்வத்தை முடிவு செய்ய முடியாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். உருக்கியதற்கு ஈடாக மறுபடி அடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. என் 1921 அப்படி வந்தது.

பாட்டியிடம் ராஜா தலை போட்ட ரூபாய் மூன்று இருந்தன, இரண்டு 1919. ஒன்றின் பின்பக்கம் சின்னப் புள்ளி, அது பம்பாய். புள்ளி இல்லாதது கல்கத்தா. ரூபாய்க்குப் பத்தரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வெள்ளி. ஒரு டாலரை உருக்கினால் இரண்டே கால் ரூபாய் அடிக்கலாம். அந்தப் புள்ளிக் காசில் கார்சன் சிட்டி வெள்ளி ஒரு துளியாவது இருக்காதா என்று நேற்று ராத்திரி லென்ஸோடு உட்கார்ந்திருந்தேன். தெரியாது என்று தெரிந்தும்தான்.

*

சேக்ரமென்டோவிலிருந்து, மறுபடியும்:

மதுரைக்காரர் எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் ராஜா தலை ரூபாய் நாலு இருக்கிறதாம், எனக்குத் தெரியவே தெரியாது. “தொடாமல் அப்படியே வையுங்கள், வந்து பார்க்கிறேன்” என்று சொன்னேன். போன வெள்ளிக்கிழமைதான் நாலையும் எடுத்து விபூதி போட்டுத் தேய்த்து வைத்தாராம்.