நோட்டரி சைனிங் வேலை: காசு எப்போது கைக்கு வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, சைனிங் போனா அன்னைக்கே காசு குடுத்துடுவாங்களா?" மூன்று மாதத்தில் இதைக் கேட்ட நான்காவது ஆள் அவள். சைனிங் என்றால் வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கி, நோட்டரியாகச் சான்றளிக்கிற வேலை. இத்தனை பேர் கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நான் இருப்பது டெக்சாஸ், டாலஸ் பக்கம். நோட்டரி சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் வரும் வழி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நம்ம ஊரில் நோட்டரி என்றால் பல வருஷம் தொழில் செய்த வக்கீல். இலங்கையில் நொத்தாரிசு உறுதி எழுதுபவர். அமெரிக்காவில் அப்படியில்லை, சட்டப் படிப்பு தேவையில்லை. டெக்சாஸில் 18 வயது நிரம்பி, மாநிலத்தில் குடியிருந்து, 10,000 டாலருக்கு பாண்ட் (நம் தவறால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம்) எடுத்து, மாநிலம் சொல்லும் சிறு பயிற்சியையும் முடித்தால் விண்ணப்பிக்கலாம். குடியுரிமையும் வேண்டாம். முன்பு வேண்டும் என்றுதான் டெக்சாஸ் விதி வைத்திருந்தது; 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் விசாவைப் பாருங்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், வாரக் கடைசியில் ஒன்றிரண்டு என்றாலும் வேண்டாம். எச்-4 துணைவர் விசாவோடு ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இருப்பவர்கள், எல்-2 துணைவர்கள், கிரீன் கார்டுக்காரர்கள் செய்யலாம்.

இனி காசு. ஒரு கையெழுத்தைச் சான்றளிக்க டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கும் கட்டணம் முதல் கையெழுத்துக்கு 10 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 1 டாலர். அதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. வருமானம் வருவது வீட்டுக்கடன் சைனிங்கில்: நூற்றைம்பது பக்கத்தை இரண்டு செட் அச்சடித்து, கடன்காரர் (கடன் வாங்குபவர்) வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, ஃபெடெக்ஸில் போடுகிற வேலை. எனக்கு ஒரு சைனிங்குக்கு 75 முதல் 125 டாலர் வரை வந்திருக்கிறது.

அந்தப் பணம் கடன்காரரிடமிருந்து நேராக நமக்கு வராது. டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து, கடன் பத்திர வேலையை முடித்துவைக்கும் நிறுவனம்) சைனிங் சர்வீஸுக்கு, அதாவது நோட்டரியை ஏற்பாடு செய்யும் இடைத்தரகருக்குக் கொடுக்கும், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருவார்கள். இடையில் ஒரு கை குறைந்தால் காசும் கூடும், சீக்கிரமும் வரும். டைட்டில் கம்பெனியிடம் நேரடியாக வேலை வாங்கப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். தொடக்கத்தில் அது கிடைப்பது கஷ்டம். ஒரு வருஷம் பொறுமையாக முயலுங்கள்.

சைனிங் சர்வீஸ் ஒப்பந்தத்தில் நெட் 30, நெட் 45, நெட் 60 என்று போட்டிருக்கும், அதாவது அத்தனை நாளுக்குள் பணம். எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதுதான் முக்கியம். கையெழுத்தான நாளா, இன்வாய்ஸ் (நாம் அனுப்பும் பில்) போன நாளா, கடன் பணம் பட்டுவாடா ஆன நாளா? குடியிருக்கும் வீட்டை வேறு வங்கியில் ரீஃபைனான்ஸ் செய்தால் (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்தால்), மனம் மாறி ரத்து செய்ய மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. அந்தக் கணக்கில் சனிக்கிழமை சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. வியாழக்கிழமை கையெழுத்து போட்டால் வெள்ளி, சனி, திங்கள் என்று ஓடி, திங்கள் நள்ளிரவில் அவகாசம் முடியும். செவ்வாய்க்கு முன் பட்டுவாடா இல்லை. அதற்குப் பிறகு வங்கி ஒரு காகிதம் குறைகிறது என்றால் இன்னும் ஒரு வாரம். பட்டுவாடா நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் என்றால், உங்கள் 45 நாள் அப்புறம்தான் ஓடவே தொடங்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெக்கின்னியில் ஒரு வீடு, இரவு எட்டு மணி. கடன் கணவர் பெயரில் மட்டும். டெக்சாஸில் குடியிருக்கும் வீடு என்றால் அடமானப் பத்திரத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும், வாங்கினேன். அதோடு இணைந்த ஒரு தாளில் மட்டும் அந்த அம்மாவின் கையெழுத்து விட்டுப்போனது. கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, நான் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதுக்கு போன். மறுபடியும் 35 மைல், என் சொந்த பெட்ரோலில். பட்டுவாடா தள்ளிப்போனது, அந்த 100 டாலர் 83-வது நாளில் வந்தது. அதிலிருந்து கிளம்பும் முன் பெயர் பெயராகப் பிரித்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு முறை பார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய அடி 2022-ல். வட்டி ஏறி ரீஃபைனான்ஸ் வற்றியதும், எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன சர்வீஸ் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. நான்கு சைனிங், 430 டாலர், இன்றுவரை வரவில்லை. புது வேலையில் வரும் பணத்தை வைத்துப் பழைய பாக்கியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அதனால் புது சர்வீஸ் எதுவானாலும் முதல் இரண்டு வேலைக்குப் பணம் வரும்வரை மூன்றாவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வேலையை ஏற்கும்போதே ஈமெயிலில் கேட்டு வையுங்கள்: கடன்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் போய்வந்ததற்கு எவ்வளவு? அச்சடித்த பிறகு ரத்தானால் எவ்வளவு? போனில் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். சைனிங் முடிந்த அன்று இரவே இன்வாய்ஸ் அனுப்புங்கள், ஆர்டர் எண், தேதி, ஃபெடெக்ஸ் டிராக்கிங் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். கெடு தாண்டிய மறுநாளே ஒரு நினைவூட்டல். அப்புறமும் அசையவில்லை என்றால் டைட்டில் கம்பெனிக்கு மரியாதையாக எழுதுங்கள். பல நேரம் அது ஒன்றே வேலை செய்யும். கடன்காரரை மட்டும் ஒருபோதும் கூப்பிடக் கூடாது, அவர் தன் பங்கைக் கொடுத்தாகிவிட்டது. கடைசி வழி ஜஸ்டிஸ் கோர்ட் (சின்னத் தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்), டெக்சாஸில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம். நியூயார்க்கில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பலம் உண்டு: 2024 ஆகஸ்ட் 28 முதல் அமலில் உள்ள மாநிலச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தேதி இல்லை என்றால் ஃப்ரீலான்ஸருக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு 120 நாளில் செய்த வேலை 800 டாலரைத் தொட்டால் போதும்.

டபிள்யூ-9 படிவம் (நம் பெயரும் வரி எண்ணும் எழுதிக் கொடுப்பது) எல்லோரும் கேட்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஊரெல்லாம் அனுப்பாமல் ஐஆர்எஸ் (வரித்துறை) தளத்தில் இலவசமாக ஈஐஎன் (தொழிலுக்கான வரி எண்) வாங்கி அதைப் போடுங்கள். டிசம்பரில் செய்த சைனிங்குக்குப் பிப்ரவரியில் காசு வந்தால், நம்மைப் போலப் பணம் வந்த தேதியில் கணக்கு வைப்பவர்களுக்கு அது அடுத்த வருஷ வருமானம். 2026-ல் கொடுக்கும் பணத்திலிருந்து 1099-என்இசி (நமக்குக் கொடுத்த பணத்தை அவர்கள் வரித்துறைக்குக் காட்டும் படிவம்) வரம்பு 600-லிருந்து 2,000 டாலராக உயர்ந்துவிட்டது. படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "முதல் ரெண்டு மாசம் டோனருக்கும் பேப்பருக்கும் பெட்ரோலுக்கும் உன் கைக்காசுதான்மா போகும். அதை எடுத்து வச்சுட்டு ஆரம்பி."