குளிரூட்டி வேண்டாம், சூடாற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், சில்லின் சூட்டை வெளியேற்றும் கூலருக்குக் 'குளிரூட்டி' போதும் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு மாணவனுக்கு விளையாட்டுக் கணினி பூட்ட உதவினேன். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன வகைத் தாய்ப்பலகை, 17 சென்ரிமீற்றர் சதுரம். பெட்டி சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பம்பலப்பிட்டியில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் 'குளிரூட்டி' என்று எழுதியிருந்தேன். அவனுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஏசி பூட்ட வேணுமோ தம்பி?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். குளிரூட்டுவது என்றால் சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே கொண்டுபோவது. கூலரில் இருக்கும் விசிறியும் செப்புக் குழாயும் அதைச் செய்யவே முடியாது. அறை 31 பாகை என்றால் சில்லு அதற்கு மேலேதான் நிற்கும். வேலை கூடும்போது அறையைவிட 50 பாகை ஏறுகிறது என்று வையுங்கள்: கொழும்பு மத்தியானத்தில் 81, ஏசி போட்ட 25 பாகை அறையில் 76. தேத்தண்ணியை ஆற்றுகிறோமே, அதே கணக்கு. எவ்வளவு நேரம் ஆற்றினாலும் அது ஐஸ் தேத்தண்ணி ஆகாது. ஆறுதல் வேறு, குளிர்தல் வேறு என்று நம் மொழி ஏற்கனவே பிரித்து வைத்திருக்கிறது. அதை ஏன் கைவிட வேண்டும்?

ஆகவே என் முன்மொழிவு 'சூடாற்றி'. 'வெப்ப ஆற்றி' என்றும் யோசித்தேன். நமக்குச் சக்தி என்பது தமிழ்நாட்டில் ஆற்றல். அதனால் அங்கே 'வெப்ப ஆற்றி' என்பது 'வெப்ப ஆற்றல்' என்று காதில் விழும். 'ஆற்றி' வினையெச்சம் போல இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். 'விசிறி'யும் அப்படித்தான், யாரும் குழம்பியதில்லை.

நீர் ஓடும் வகைக்கு 'நீர்ச் சூடாற்றி'. நீர் சூட்டைச் சுமந்துபோய்த் தகடுகளில் விடுகிறது, கடைசியில் காற்றுத்தான் ஆற்றுகிறது. அதனால் பெயரின் அடி மாறத் தேவையில்லை. அந்தப் பையன் 240 மில்லிமீற்றர் நீர்ச் சூடாற்றிதான் கேட்டான். பெட்டியில் இடம் இருந்தது. ஆனால் பம்பி சுற்றின் உச்சிக்கு வந்துவிடும், காற்றுக் குமிழ் அங்கே போய்த் தங்கும். வேண்டாம் என்றேன். தட்டையான விசிறி வகையை எடுத்து, மிகைத்துடிப்பை, அதாவது சில்லை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதை (ஓவர்குளொக்), அளவோடு வைத்தோம். துடிப்பு வேகத்தையும் வோல்ற்றளவையும் பத்துப் பத்து வீதம் கூட்டினால் சூடு ஏறக்குறைய 33 வீதம் கூடுகிறது, ஏனெனில் வோல்ற்றளவு அதில் இரு முறை பெருகுகிறது. சின்னப் பெட்டிக்குள் அது தாங்காது.

'குளிரூட்டி'யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மிகைத்துடிப்புக்காகச் சிலர் திரவ நைதரசன் ஊற்றி, அதை −196 பாகையில் கொதிக்கவிட்டுக் கணினியை ஓட்டுகிறார்களே, அதற்கு அந்தச் சொல் அச்சொட்டாகப் பொருந்தும். கொழும்பின் ஈரக் காற்றில் அப்படிக் குளிர்த்தால் பலகை வியர்த்து நனைந்துவிடும். இந்த ஆபத்து சூடாற்றியில் இல்லை. அதனாலேயே இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது என்கிறேன்.

சரி, இனி ரேடியேட்டர், நீர் சுமந்துவரும் சூட்டைக் காற்றில் விடும் அந்தத் தகடுகள். 'கதிர்வீசி' என்று பட்டியலில் இருக்கிறது. அது சூட்டைப் பெரும்பாலும் கதிராக வீசுவதில்லை, காற்றிடம் கொடுக்கிறது. 'ஆற்றுத்தட்டு' என்றால் ஆறு ஞாபகம் வரும். 'சூடாற்றுத் தகடு' எப்படி?

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து