தோட்டா, குண்டு, குறுக்குநிறை: வாப்பிட்டி வேட்டைத் துப்பாக்கிக்கான கலைச்சொற்கள்

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எல்க் வேட்டைக்கு எந்த ரைபிளையும் எந்தத் தோட்டாவையும் தேர்ந்தெடுப்பது என்னும் கட்டுரையைத் தமிழாக்கும் இழையில், 'குண்டு' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும் என்று ஒரு கருத்தும், 'ரவை' என்பதே பொருத்தம் என்று மற்றொரு கருத்தும் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வேட்டைக்காரர் எந்த வேறுபாட்டை வைத்து முடிவெடுக்கிறாரோ, அந்த வேறுபாட்டை நம் சொற்கள் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு வாசிக்க எளிதாக இருந்தும் பயன்படாது.

முதலில் விலங்கின் பெயர். அகராதிகள் சில எல்க் என்பதற்குக் கடமான் என்று பொருள் தருகின்றன. கடமான் நம் காடுகளில் வாழும் மிளா; இலங்கையில் அதுவே மரை. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இலங்கை மரையை எல்க் என்று அழைத்ததால்தான் நுவரெலியாவுக்கு அருகில் எல்க் பிளெயின்ஸ் என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிற்கிறது. ஐரோப்பியர் எல்க் என்றால் அது மூஸ் என்னும் வேறொரு பெரிய மான். கட்டுரை பேசுவதோ ராக்கி மலைத்தொடரில் வாழும் பெருமானைப் பற்றி. எனவே ஷானி பழங்குடியினரின் சொல்லான 'வாப்பிட்டி'யை எடுத்துக்கொண்டு, முதல் இடத்தில் மட்டும் 'அமெரிக்க எல்க்' என்று விளக்கலாம்.

இனி முதன்மையான சொல்லுக்கு வருகிறேன். 1906ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்காக வந்து இன்றும் வாப்பிட்டி வேட்டையில் பெரிதும் புழங்கும் 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், 63 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே எரிமருந்து, வாய்ப்பகுதியில் இறுகப் பிடிக்கப்பட்ட 7.82 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு என நான்கு உறுப்புகள் தெரியும். சுடும்போது விலங்கை நோக்கிப் பறப்பது நான்காவது மட்டுமே. கூடு துப்பாக்கியிலேயே தங்கிப் பிறகு வெளியே தள்ளப்படுகிறது. நாளிதழ்களில் 'உடலில் தோட்டா பாய்ந்தது' என்று எழுதிப் பழகிவிட்டோம். செய்திக்கு அது போதும், தொழில்நுட்பக் கட்டுரைக்குப் போதாது. ஆகவே முழுமையான பொருளுக்குத் 'தோட்டா', பறந்து செல்லும் பகுதிக்குக் 'குண்டு', பித்தளைக் கூட்டுக்குக் 'கோது' என்று வகுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. கோது என்பதை ஈழத்து வழக்கின் 'வெற்றுக்கோது' என்பதிலிருந்து எடுத்தேன். சுட்டு முடித்த கூட்டுக்கு அதைவிடத் தெளிவான சொல் கிடைக்கவில்லை. ஈழத்தவர் ரவை, சன்னம் என்று எழுதுவதும் முறையானதே. ஆனால் தமிழ்நாட்டில் துப்பாக்கிப் பேச்சில் ரவை என்றால் ஒரே வெடியில் சிதறும் சிறு ஈயமணிகளையே எண்ணுவார்கள், சன்னம் என்றால் மெல்லியது என்று புரிந்துகொள்வார்கள். ஆகையால் இவ்விரண்டையும் ஈழ வழக்கு என்ற குறிப்போடு இணைச்சொற்களாக வைக்கலாம்.

இப்பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொலராடோ மாநில விதியையே சோதனைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். வாப்பிட்டியைச் சுடும் ரைபிளின் குழல்விட்டம் குறைந்தது 0.24 அங்குலம் இருக்க வேண்டும். குண்டு விரியும் வகையாகவும் குறைந்தது 85 கிரெயின் எடையுள்ளதாகவும் இருக்க வேண்டும். 100 கெஜத் தொலைவில் அதன் மோதல் ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. இங்கே குண்டு என்னும் இடத்தில் தோட்டா என்று எழுதிவிட்டால் 85 கிரெயின், அதாவது சுமார் 5.5 கிராம், முழுத் தோட்டாவின் எடையாகிவிடும். போதாக்குறைக்கு எரிமருந்தையும் கிரெயினில்தான் நிறுக்கிறார்கள். 30-06 தோட்டாவில் 50 கிரெயினை ஒட்டிய மருந்தும் அதன் முன்னால் 180 கிரெயின் குண்டும் இருக்கும். எந்த எடை எதனுடையது என்று வாசகர் தடுமாறக் கூடாது. கிரெயினைக் கிரெயின் என்றே வைத்துவிடுவோம்; கணினி மொழிபெயர்ப்பில் அது தானியமாகிவிடும் கேடு ஏற்கெனவே இருக்கிறது.

காலிபர் என்பதற்குக் 'குழல்விட்டம்' என்று நண்பர்கள் பரிந்துரைத்ததை வரவேற்கிறேன். ஆனால் 'எந்தக் குழல்விட்டத்தைத் தேர்ந்தெடுப்பது' என்று தலைப்பிடுவதை ஏற்க முடியாது. 308 வின்செஸ்டர், 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் ஒரே 7.82 மில்லிமீட்டர் குண்டையே சுடுகின்றன. அவற்றின் கோதுகளோ முறையே சுமார் 51, 63, 67 மில்லிமீட்டர் நீளம். மருந்து கூடக் கூட 180 கிரெயின் குண்டின் வேகம் நொடிக்கு 2,600 அடிக்குச் சற்று மேலிருந்து 2,700 ஆகி, மேக்னத்தில் 2,950 வரை உயர்கிறது. ஒன்றுக்குரிய அறையில் மற்றொன்றைப் போட்டுச் சுட்டால் கோது கிழிந்து சுடுபவருக்கே தீங்கு நேரலாம். 270 வின்செஸ்டர் என்று பெயர் பெற்றதன் குண்டோ உண்மையில் 0.277 அங்குலம். ஆகவே தேர்வு செய்யப்படுவது 'தோட்டாவகை'. அதற்கேற்பக் குழலின் பின்முனையில் கடைந்தெடுத்த இடம் 'தோட்டாவறை'. '30-06 தோட்டாவறை கொண்ட ரைபிள்' என்றால் ஐயத்துக்கு இடமில்லை.

கடினமான சொல் இதற்குப் பிறகுதான் வருகிறது. குண்டின் எடையைப் பவுண்டில் கொண்டு, அதை அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வேட்டைக்காரர்கள் மிகவும் மதிக்கிறார்கள். இதற்குரிய 'செக்‌ஷனல் டென்சிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக் 'குறுக்குவெட்டு அடர்த்தி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அடர்த்தி என்பது பள்ளிப் பாடத்திலேயே கன அளவுக்கான நிறை என்று நிலைபெற்றுவிட்டது. இந்த எண்ணோ முகப்பின் பரப்பளவுக்கு எவ்வளவு நிறை பின்னால் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. கோணியூசி எளிதில் சாக்கைத் துளைப்பதை நினைத்தால் பொருள் விளங்கும். எனவே 'குறுக்குநிறை' என்கிறேன். 180 கிரெயின் எடையும் 0.308 அங்குல விட்டமும் உடைய குண்டின் குறுக்குநிறை 0.271, 140 கிரெயின் எடையும் 0.264 அங்குல விட்டமும் உடைய 6.5 மில்லிமீட்டர் குண்டுக்கு அது 0.287. சிறிய குண்டாக இருந்தும் இரண்டாவதே சற்று மேலே நிற்கிறது. ஸ்வீடனில் வாப்பிட்டியைவிடப் பெரிய மூஸையே நீண்ட காலமாக 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கியால் வேட்டையாடி வருவதற்கு இது ஒரு காரணம்.

'ஊடுருவுதிறன்' என்று எழுதினால் எளிதாகப் புரியுமே என்று கேட்கலாம். அந்தப் பெயர் தர முடியாத வாக்குறுதியைத் தருகிறது. குறுக்குநிறை சுடுவதற்கு முன் உள்ள எண். விரிகுண்டு தசையில் பட்டதும் காளான்போல மலர்ந்து விட்டம் கூடுகிறது, உள்ளிருக்கும் ஈயம் உதிர்ந்தால் எடையும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அந்த எண்ணைச் சட்டென்று கீழே இறக்கிவிடுகின்றன. முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் வாப்பிட்டியின் தோள்பட்டை எலும்பில் மென்மையான குண்டு உடைந்துபோனால், நுரையீரலை எட்டாமல் விலங்கு காயத்தோடு ஓடிவிடும். செம்பு உறையோடு ஈயத்தைப் பிணைத்த குண்டும் முழுச்செம்புக் குண்டும் இதைத் தடுக்கவே வந்தன. இவற்றுக்குப் 'பிணைகுண்டு', 'முழுச்செம்புக் குண்டு' என்பவை போதும். ஈயத் துகள்களை உண்டு காண்டோர் கழுகுகள் இறந்ததால் கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்துவிட்டது. ஆகையால் இச்சொற்கள் சட்டத் தமிழுக்கும் தேவைப்படும்.

சுட்டவுடன் தோளில் இடிக்கும் விசைக்குப் 'பின்னுந்தம்' வேண்டாம் என்பது என் கருத்து. துப்பாக்கி உதைக்கிறது என்றுதான் நம்மவர் சொல்கிறார்கள். 'உதைப்பு' என்று எழுதுவோம். கட்டுரையின் முடிவே அச்சொல்லைச் சுற்றித்தான் அமைகிறது: 300 மேக்னம் அதிகத் தொலைவை எட்டினாலும், அதன் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுப்பவருக்கு 30-06 தோட்டாவகையும் 165 முதல் 180 கிரெயின் வரையிலான பிணைகுண்டும் மேலானவை. நானும் அதையே பரிந்துரைப்பேன்.

தோட்டாவறைக்கு மட்டும் மாற்றுச் சொல் யாரிடமாவது இருந்தால் அறியத் தாருங்கள். 'வெடியறை' என்று எழுதலாமா என்று எண்ணிப் பார்த்தேன். பட்டாசு ஆலைகளில் அது வேறொன்றைக் குறித்துவிடும் என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

அன்புடன்.