புனித லூசியாளின் கண்கள்: வரலாறா, பிற்கால மரபா?

கேள்வி (பாசையூர் வாசகி):
டிசம்பர் 13ஆம் திகதித் திருநாளை முன்னிட்டு மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் புனித லூசியாளின் வரலாற்றைச் சொல்ல வேண்டியுள்ளது. சுரூபங்களில் அவர் தட்டொன்றில் கண்களை ஏந்தி நிற்கின்றார். அவை உண்மையிலேயே பிடுங்கப்பட்டனவா?

மறுமொழி (குருநகர் வாசகர்):
பழைய ஏடுகளில் அச்செய்தி இல்லை. சிசிலியின் சிரக்கூசா நகரத்தவரான அவர், நோயுற்ற தாயுடன் கத்தானியாவிலுள்ள புனித ஆகத்தாளின் கல்லறைக்குச் சென்று, தாய் நலம் பெற்றபின் தமது சீதனத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்ததாலேயே, மணம் பேசப்பட்டவர் சினந்து அவரைக் கிறிஸ்தவர் எனக் காட்டிக்கொடுத்தார் என்று அவ்வேடுகள் கூறுகின்றன. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில், 304இல் அவர் கொல்லப்பட்டார் என்பது மரபு. சீதனக் கதையையே விரிவாகச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனை விளக்க வேண்டியிராது.

மறுமொழி (இன்னொரு வாசகர்):
ஏடுகள் பிந்தியவை, வணக்கமோ பழையது. சிரக்கூசாவின் நிலத்தடிக் கல்லறையில் 1894இல் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டொன்று, எவுஸ்கியா என்னும் பெண் லூசியாளின் திருநாளன்று இறந்ததாகக் குறிப்பிடுகின்றது. அது ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. திருப்பலியில் குரு சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் ஆகத்தாளுக்கு அடுத்து அவரது பெயரே வருகின்றது.

பாசையூர் வாசகி:
நன்றி ஐயா. அப்படியாயின் சுரூபத்திலுள்ள கண்களை என்னவென்று சொல்வது?

குருநகர் வாசகர்:
கண்நோயாளரின் பாதுகாவலியாக மக்கள் அவரை வேண்டுவதன் அடையாளம் என்று சொல்லுங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவருடைய பெயரையே தாங்கியுள்ளது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.