மைல் எண்ட் பேகல் கடைகளில் படம்: பட்டை, ஆரஞ்சு நிறம், அனுமதி

கேள்வி (நடைபாதை35):
வணக்கம். கனடாவின் மான்ட்ரியால் நகரில், மைல் எண்ட் பகுதியில் ஃபேர்மவுண்ட், சான்-வியாத்தர் இரண்டு பேகல் (நடுவில் துளையுள்ள வளைய ரொட்டி) கடைகளையும் சுற்றி ஒரு தெருப்படத் தொடர் எடுக்கிறேன். 35 மி.மீ. லென்ஸ், எலக்ட்ரானிக் ஷட்டர், வேகம் 1/500 நொடி. உள்ளே எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது, அடுப்புப் பக்கம் முழுக்க ஆரஞ்சாகிவிடுகிறது. கண்ணாடி வழியே எடுத்தால் எதிர்த் தெருதான் தெரிகிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பொலரைசர் வடிகட்டி வாங்கலாமா? வரிசையில் நிற்பவர்களின் முகத்தோடு இணையத்தில் போடலாமா?

ஒளிமானி:
பட்டைக்குக் காரணம் கடை விளக்குகள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 120 முறை துடிக்கும். முதலில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், ஏறக்குறைய ஒரு முழுத் துடிப்பும் அடங்கும்படி வேகத்தை 1/125க்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் திறப்பு எஃப்/2, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600-3200 போதும். மாவை உருட்டும் விரல்கள் கொஞ்சம் கலங்கும், அது நல்லதே.

நிறச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். தீ ஏறத்தாழ 2000 கெல்வின், மேலே உள்ள விளக்கு அதைவிட நீலம். 3500 கெல்வினில் நிறுத்தி, பிறகு நிறத்தைத் திருத்த வசதியாக ரா கோப்பாக எடுங்கள். அடுப்பு வாய் ஆரஞ்சாகவே இருக்கட்டும், ஆள் முகம் சரியாக வந்தால் போதும். எள் வெளிறிப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறையுங்கள்.

மாவுக்கை:
பொலரைசர் வேண்டாம். நேர் எதிரே நின்றால் அது எதையும் வெட்டாது. சாய்ந்து நின்றால்தான் வேலை செய்யும், அதற்கும் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போய்விடும். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் வாங்கி லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வையுங்கள். அந்திக்குப் பிறகு வெளியே இருட்டிவிட்டால் பிரதிபலிப்பு தானாகவே குறையும்.

பேகல் செய்யும் படிகள் எந்த வரிசையில் நடக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே காத்திருக்கலாம். மாவுத் துண்டைக் கயிறுபோல் உருட்டி, உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, இரு முனைகளும் சேரும் இடத்தைப் பலகையில் ஒரு அழுத்து அழுத்தி ஒட்டுவார்கள். பிறகு தேன் கலந்த கொதிநீர், எள் அல்லது கசகசா, நீண்ட மரப்பலகை, விறகடுப்பு. வெந்ததும் அதே மாதிரி பலகையால் வாரி வெளியே வீசுவார்கள். அதற்கு மட்டும் 1/250 வேண்டும், பட்டை விழுந்தாலும் பரவாயில்லை. பேகல் காற்றில் இருக்கும் நொடியைவிட, முனை ஒட்டும் அந்த அழுத்துதான் எனக்குப் பெரிய படம். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

கொதிநீர்ப் பக்கம் லென்ஸ் மாற்றாதீர்கள். ஆவியும் மாவுத்தூசியும் சென்சாரில் ஒட்டினால் லேசில் போகாது. குளிர்காலத்தில் உள்ளே நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே போய் அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸில் பனி படியாது.

நியாயத்தராசு:
முகம் விஷயத்தில் மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணம் கறார். ஓப்ரி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்ன தீர்ப்பைப் படியுங்கள். மான்ட்ரியாலில் ஒரு கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் இதழில் போட்டதற்கு 2,000 டாலர் இழப்பீடு. பொது இடம் என்ற வாதம் எடுபடவில்லை. கூட்டத்தில் ஒருவராகத் தற்செயலாக வருபவருக்கு விலக்கு உண்டு. ஒருவரே படத்தின் மையம் என்றால் வெளியிடும் முன் சம்மதம் வாங்குங்கள், எழுத்தில் இருந்தால் நல்லது. கடைக்குள் எடுக்க நிர்வாகத்திடமும் அடுப்படியில் நிற்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அந்தப் பகுதியில் ஹசிடிக் (மரபை இறுக்கமாகப் பின்பற்றும்) யூதக் குடும்பங்கள் நிறைய. அவர்களின் புனித ஓய்வுநாளான வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அவர்களை நோக்கிக் கேமராவைத் தூக்காமல் இருப்பதே மரியாதை.

நடைபாதை35:
நன்றி. கவுண்டருக்கு முதுகு காட்டி நிற்கும் வரிசை, யார் முகமும் தெரியாது. அதைச் சம்மதம் இல்லாமல் போடலாம்தானே?

நியாயத்தராசு:
ஆளை அடையாளம் காண முடியாத வரை போடலாம். ஆனால் உடை, பை, பச்சை குத்தல் இவற்றை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.