அயோவா பண்ணையில் அரோரா பார்த்த ராத்திரி

இந்தக் குழுவில் பலரும் ஐஸ்லாந்து, நார்வே என்று காசு செலவழித்துப் போய், ராத்திரி வானத்தில் ஆடும் துருவ ஒளியான அரோராவைப் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது வீடு தேடி வந்தது. 2024 மே 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கணவரோடு வேலை பார்க்கும் ஒருவரின் அண்ணன் பண்ணைக்குப் போயிருந்தோம்.

சோளம் விதைக்கிற மும்முரத்தில் ஊரே பரபரப்பாக இருக்க, பண்ணைக்காரர் மட்டும் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டுக் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அங்கே கண்மதிப்பில் யாரும் விதைப்பதில்லை. ஜிபிஎஸ் காட்டும் கோட்டில் வண்டி தானாகவே அங்குலம் பிசகாமல் ஓடும். அன்றைக்கு அந்தக் கோடு தாறுமாறாக இழுத்தது. அப்படியே விதைத்தால் பதிவான கோடு ஒரு பக்கம், பயிர் ஒரு பக்கம் என்றாகி, பிறகு மருந்தடிக்கப் போகும்போது சக்கரம் பயிர் மேலேயே ஏறும்.

எல்லாம் சூரியன் பண்ணிய வேலை. 3664 என்று எண் கொடுத்திருந்த கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்து வெடித்துக் கிளம்பிய மின்துகள்கள் பூமியை வந்து மோதியிருந்தன. புவிகாந்தப் புயல் அளவில் கடைசிப் படியான ஜி5. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மேலே அயனி மண்டலம் என்கிற மின்னேறிய காற்றடுக்கு கலங்கியதில் செயற்கைக்கோள் சிக்னலும் தடுமாறியது. அவருக்கு வேலை கெட்டது, எங்களுக்கு வேடிக்கை கிடைத்தது.

மூன்றாம் பிறை என்பதால் நிலா வெளிச்சம் பெரிதாக இல்லை. தொல்லை கொடுத்தது களத்துக் கம்பத்தில் இருட்டினால் தானே எரிகிற விளக்குதான். அவர் போய் மெயினையே அணைத்துவிட்டு வந்தார். கண் இருட்டுக்குப் பழகப் பழக, வடக்கே வெளுப்பாகக் கிடந்தது கோடு கோடாகப் பிரிந்து எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே, உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கதிர்கள் இறங்கின. வடக்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கழுத்து வலிக்க மல்லாந்து மண்ணிலேயே படுத்துவிட்டோம். அரோராவிலிருந்து சத்தம் கேட்குமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எங்களுக்குக் கேட்டது வாய்க்கால் தவளைகள் மட்டும்தான்.

நிறத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன் படத்தில் ரத்தச் சிவப்பாக இருப்பது நேரில் மங்கிய ரோஜா நிறம்தான். பச்சை ஓரளவு தெரிந்தது. குறைந்த வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரிக்காது, கேமரா மூன்று விநாடி திறந்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. படத்தில் தானியக் குதிரின் தகரச் சுவர்கூடச் சிவந்திருக்கிறது. நேரில் அப்படி இல்லவே இல்லை. ஆனால் அந்த அசைவு இருக்கிறதே, அது எந்தப் படத்திலும் வராது.

சிவப்பும் பச்சையும் அந்த மின்துகள்கள் மேலே காற்றில் மோதும்போது ஆக்சிஜன் தருவதுதான். பச்சை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, சிவப்பு இருநூறுக்கும் மேலே. அதனால்தான் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சிவப்பு மட்டும் அடிவானத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும். அதே புயலில் லடாக்கின் ஹான்லேயில் பதிவானதும் சிவப்புதான்.

அரோரா பார்க்கப் போகிறவர்கள் படமெடுக்கும்போது போனைக் கையில் பிடிக்காமல் வேலிக் கம்பத்திலோ கார் மேலோ சாய்த்து வையுங்கள். மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பண்ணைக்காரர் நடு ராத்திரியிலேயே உள்ளே போய்விட்டார், காலையில் சிக்னல் வந்தால் விதைக்க வேண்டுமாம்.