இட்லி மாவில் ஈஸ்ட் போடுவதில்லையே, அப்புறம் எப்படிப் பொங்குகிறது?

பத்தாம்வகுப்பு_அம்மா:
செல் சுவாசம் படிக்கும்போது மகன் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. ஈஸ்ட் நொதித்தால் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் வரும், பால் தயிராகும்போது லாக்டிக் அமிலம்தான் வரும், வாயு வராது என்று படித்திருக்கிறான். இட்லி மாவும் புளிக்கத்தானே செய்கிறது? செய்தும் பார்த்தோம். ராத்திரி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்கு மாவு, இன்னொன்றில் அதே அளவு உறை ஊற்றிய பால், மட்டத்தில் ரப்பர் பேண்ட். காலையில் மாவு மூன்று விரற்கடை ஏறியிருந்தது. தயிர் அப்படியே நின்றது.

பழைய_உயிரியல்_டீச்சர்:
ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கே முழு மதிப்பெண். லாக்டிக் அமில நொதித்தலில் இரண்டு வகை உண்டு. தயிர் பாக்டீரியா ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸை மூன்று மூன்றாகப் பிளந்து, இரண்டையும் லாக்டிக் அமிலமாக்கிவிடும். ஒரு கார்பன்கூட வெளியே போவதில்லை, அதனால் வாயு இல்லை. மாவில் இருப்பது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற வேறு பாக்டீரியா. உளுந்தோடு அதுவாகவே வந்துவிடும். மாவைப் பொங்க வைப்பது அதுதான் என்று 1965-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது முதலில் ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடும். மீதி ஐந்தில் மூன்று லாக்டிக் அமிலமாகும், இரண்டு ஆல்கஹாலாகும். அந்தக் கொஞ்சம் ஆல்கஹால் ஆவியில் வேகும்போது பெரும்பாலும் போய்விடும். இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். தயிர் வழியில் இரண்டு.

பத்தாம்வகுப்பு_அம்மா:
நன்றி டீச்சர். ஆக்சிஜன் இருந்தால் 38 ஏடிபி என்கிறார்களே. மாவைத் திறந்து வைத்தால் அதுவும் சுவாசத்துக்கு மாறிவிடுமா?

பழைய_உயிரியல்_டீச்சர்:
மாறாது. ஈஸ்டால் சுவாசிக்க முடியும். லியூகோனாஸ்டாக்கிடம் சுவாசத்துக்கு வேண்டிய முழு கிரெப்ஸ் சுழற்சி கிடையாது, காற்று பட்டாலும் நொதிக்கத்தான் செய்யும். மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: செல்லில் இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறு ஒரு சித்தாள். குளுக்கோஸ் உடையும்போது வரும் ஹைட்ரஜனைச் சட்டியில் சுமக்கிறது. கொட்டினால்தான் அடுத்த நடைக்கு வர முடியும், இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். நம் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த ஹைட்ரஜன் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகிறது, அங்கேதான் ஏடிபி நிறையக் கிடைக்கிறது. லியூகோனாஸ்டாக் அதை அந்த மூன்று கார்பன் துண்டான பைருவிக் அமிலத்தின் மேலேயே கொட்டுகிறது, அது லாக்டிக் அமிலமாகிறது. மாவின் புளிப்பு அப்படி வந்ததுதான். 38 என்பது பழைய கணக்கு. இப்போது 30 முதல் 32 வரை என்கிறார்கள். பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும்.

மாவுக்கடைக்காரர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாயு வந்தால் மட்டும் போதாது, மாவு அதைப் பிடித்து வைக்க வேண்டும். அது உளுந்தின் கொழகொழப்பும் புரதமும் செய்கிற வேலை. உளுந்து குறைந்தால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். இன்னொரு பாட்டிலில் பாதி உளுந்து போட்டு அரைத்த மாவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தாம்வகுப்பு_அம்மா:
இன்றைக்கே ஊறப்போடுகிறேன் அண்ணா. மூன்றாவது பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டான்.